லோட் பேலன்சரில் இத்தனை வகையா? ஏ.டபிள்யூ.எஸ். தேர்வில் கேள்வியை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

கிளவுட் துறையில் வேலை தேடுபவர்கள் பலரும் குறிவைக்கும் தேர்வு, அமேசானின் ‘ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்’. 65 கேள்விகள், 130 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 2 நிமிடம்தான்.

அந்த 2 நிமிடத்தில் பலரையும் குழப்பிவிடுவது லோட் பேலன்சர் கேள்வி. கொடுத்திருக்கும் எல்லா விடையுமே சரி மாதிரி தெரியும். தேர்வுக் கட்டணமோ 150 டாலர். தோற்றுப்போனால் 14 நாள் காத்திருந்து, முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டித்தான் எழுத முடியும். கைக்காசைப் போட்டு எழுதுபவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஆனால் பெயர்களை உருப்போடத் தேவையில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடை தானாக வந்துவிடும். அது என்ன? பார்க்கலாம்.

லோட் பேலன்சிங் என்றால் என்ன?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையதளத்தைத் திறப்பார்கள். ஒரே ஒரு சர்வர் இருந்தால் தாங்காது, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே வேலையைச் செய்ய பல சர்வர்களை வைத்து, வருபவர்களைப் பிரித்து அனுப்ப முன்னால் ஒருவரை நிறுத்துகிறார்கள். அவர்தான் லோட் பேலன்சர்.

பிரித்து அனுப்புவதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு சர்வரும் நன்றாக இருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்ப்பதும் இவர் பொறுப்புதான். இதற்கு ‘ஹெல்த் செக்’ என்று பெயர். ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால், அது சரியாகும்வரை அந்தப் பக்கம் யாரையும் அனுப்ப மாட்டார்.

அரசு ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பார்ப்போம்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்பவர் எதுவும் கேட்பதில்லை. எந்த கேட் வழியாக வந்தீர்கள் என்று மட்டும் பார்த்து, “அந்த வரிசையில நில்லுங்க” என்று அனுப்பிவிடுவார். வேலை படுவேகம்.

ஓ.பி. சீட்டு கொடுப்பவர் அப்படியில்லை. “என்ன பிரச்னை?” என்று கேட்பார். கண் வலி என்றால் ஒரு அறை, பல் வலி என்றால் வேறு அறை. கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

லோட் பேலன்சர் வகைகளுக்குள் இருக்கும் வித்தியாசமும் இதுதான். பிரித்து அனுப்புபவர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

4 வகைகள் என்னென்ன?

1. நெட்வொர்க் லோட் பேலன்சர்: 2017-ல் வந்தது. கேட்டில் நிற்பவர் இவர்தான். நெட்வொர்க்கின் 4-வது அடுக்கில் வேலை செய்கிறார். ஐ.பி. முகவரி, போர்ட் எண் இவற்றை மட்டும் பார்ப்பார். உள்ளே என்ன செய்தி இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க மாட்டார். டி.சி.பி., யு.டி.பி., டி.எல்.எஸ். ஆகியவை இவர் கணக்கு. கேள்வியில் ‘நிலையான ஐ.பி.’, ‘மிகக் குறைந்த தாமதம்’, ‘நொடிக்கு லட்சக்கணக்கான கோரிக்கைகள்’ என்று வந்தால் இவரைத்தான் கேட்கிறார்கள்.

2. அப்ளிகேஷன் லோட் பேலன்சர்: 2016-ல் வந்தது. ஓ.பி. சீட்டு கொடுப்பவர். 7-வது அடுக்கில் வேலை. எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ். கோரிக்கையைப் படித்துப் பார்த்து, யூ.ஆர்.எல். பாதை, இணையதளப் பெயர், ஹெடர் ஆகியவற்றை வைத்து முடிவெடுப்பார். ‘பாதையைப் பொறுத்து அனுப்ப வேண்டும்’, ‘மைக்ரோசர்வீஸ்’, ‘லாம்டாவுக்கு அனுப்ப வேண்டும்’ என்றெல்லாம் வந்தால் விடை இதுதான். வலைத் தாக்குதல்களைத் தடுக்கும் ‘வாஃப்’ சேவையையும் இதனுடன் இணைக்கலாம்.

3. கேட்வே லோட் பேலன்சர்: 2020-ல் வந்தது. வாசலில் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டி மாதிரி. யார் வந்தாலும், எங்கே போனாலும், முதலில் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வேறு நிறுவனங்களின் ஃபயர்வால் போன்ற பாதுகாப்புக் கருவிகளுக்கு மொத்த டிராஃபிக்கையும் பிரித்து அனுப்புவதுதான் இதன் வேலை. ‘ஜெனீவ்’ என்ற சொல்லோ 6081 என்ற போர்ட் எண்ணோ கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம்.

4. கிளாசிக் லோட் பேலன்சர்: 2009-ல் வந்த பழைய தலைமுறை. புதிதாக ஒன்றை வடிவமைக்கச் சொல்லும் கேள்வியில் இது விடையாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் குழப்புவதற்காக வைக்கப்படும் விடை.

அப்போ ‘ரூட் 53’ எதற்கு?

மேலே சொன்ன எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்ப்பவர்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று சொல்வதற்கு வேறு ஆள் வேண்டுமே? அதுதான் ரூட் 53. இது லோட் பேலன்சர் இல்லை, டி.என்.எஸ். சேவை. சென்னையில் இருப்பவரை மும்பை ரீஜனுக்கும், அமெரிக்காவில் இருப்பவரை அங்குள்ள ரீஜனுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேள்வி வந்தால் ரூட் 53 பக்கம் யோசிக்க வேண்டும்.

இப்போ நீங்களே சொல்லுங்க

• ஆன்லைன் கேம் நிறுவனம். யு.டி.பி. டிராஃபிக். தாமதம் கூடாது. விடை: நெட்வொர்க். யு.டி.பி. என்ற ஒரே சொல்லிலேயே அப்ளிகேஷன் வகை அடிபட்டுவிடும்.

• துணிக்கடை இணையதளம். படங்கள் பக்கத்துக்கு ஒரு சர்வர் குழு, பணம் கட்டும் பக்கத்துக்கு வேறு குழு. விடை: அப்ளிகேஷன். யூ.ஆர்.எல்.லைப் படிக்காமல் இதைப் பிரிக்கவே முடியாது.

• பாதை பார்த்தும் பிரிக்க வேண்டும், நிலையான ஐ.பி.யும் வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அப்ளிகேஷன் வகைக்கு நிலையான ஐ.பி. கிடையாது, நெட்வொர்க் வகைக்குப் பாதையைப் படிக்கத் தெரியாது. அதனால் முன்னால் நெட்வொர்க், அதன் பின்னால் அப்ளிகேஷன் என்று இரண்டையும் வரிசையாக வைக்க வேண்டும். அல்லது முன்னால் ‘குளோபல் ஆக்சிலரேட்டர்’ வைக்கலாம்; அது 2 நிலையான ஐ.பி. முகவரிகளைத் தரும்.

எங்கெல்லாம் உஷாராக இருக்க வேண்டும்?

‘வந்தவரின் ஐ.பி. தெரிய வேண்டும்’ என்ற வரியைப் பார்த்ததும் நெட்வொர்க் என்று டிக் அடித்துவிடக் கூடாது. அப்ளிகேஷன் வகையும் ‘எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்’ என்ற ஹெடர் மூலம் அதைச் சொல்லிவிடும். மற்ற நிபந்தனைகளையும் படித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

‘கிராஸ் ஸோன்’ வசதி, அதாவது எல்லா ஸோன்களில் உள்ள சர்வர்களுக்கும் சமமாகப் பிரிப்பது, அப்ளிகேஷன் வகையில் ஆரம்பத்திலேயே ஆன் ஆகியிருக்கும். நெட்வொர்க், கேட்வே இரண்டிலும் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஒரு ஸோனில் மட்டும் சர்வர்கள் திணறுகின்றன என்று கேள்வி வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பழைய நோட்ஸை வைத்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நெட்வொர்க் வகையில் செக்யூரிட்டி குரூப் போட முடியாது என்று அவற்றில் இருக்கும். 2023 ஆகஸ்ட் முதல் அந்த வசதி வந்துவிட்டது.

தேர்வு எழுதுபவர்கள் கவனத்துக்கு...

தேர்ச்சி பெற 1000-க்கு 720 எடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எனவே எந்தக் கேள்வியையும் விட்டுவிட வேண்டாம். 65-ல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் அவை எவை என்று நமக்குத் தெரியாது.

ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் கூடுதலாக 30 நிமிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதை அவசியம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்டின் அசூர் தேர்வு எழுதுபவர்களுக்கும் இதே சூத்திரம்தான். அங்கே ‘லோட் பேலன்சர்’ என்றால் 4-வது அடுக்கு, ‘அப்ளிகேஷன் கேட்வே’ என்றால் 7-வது அடுக்கு, ‘டிராஃபிக் மேனேஜர்’ என்றால் டி.என்.எஸ். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறலாம். ஆனால் ‘எதைப் பார்த்துப் பிரிக்கிறது?’ என்ற கேள்வி மாறாது. விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கேள்வியை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். 2 நிமிடமே தாராளம்!