பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்குக் கணனியும் துணையாகலாம்

இரண்டு வயதைக் கடந்தும் இரு சொற்களை இணைத்துப் பேசாத பிள்ளையைக் கண்டு, "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என மூத்தோர் ஆறுதல் கூறுவது நம் வீடுகளில் வழமை. அவ்வாறு கழியும் மாதங்களே பிள்ளை இழக்கும் பெறுமதிமிக்க காலமாகும். பேச்சுத் தெளிவற்ற பிள்ளை, பாடசாலையில் அறிவு குறைந்த பிள்ளையாகக் கணிக்கப்படும் அவலமும் நேர்கிறது.

களனிப் பல்கலைக்கழகம் பேச்சு மொழிச் சிகிச்சைக் கற்கைநெறியை 1997இல் டிப்ளோமாவாகவும், 2008இல் பட்டப்படிப்பாகவும் ஆரம்பித்தது. எனினும், தமிழில் சிகிச்சையளிக்கக் கூடியோர் தேவைக்குப் போதியளவில் இல்லை. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்க்கு ஒருநாள் உழைப்பு வீணாகிறது. மாதமொருமுறை கிடைக்கும் சிகிச்சை மட்டும் பயன்தராது. நாளாந்தப் பயிற்சியே பேச்சை வளர்க்கும்.

இவ்விடத்திற்றான் கணனியும் கையடக்கத் தொலைபேசியும் உதவுகின்றன. சிகிச்சையாளர் தெரிவுசெய்த சொற்களுக்குரிய படங்களைத் திரையில் காட்டி, பிள்ளை கூறுவதைப் பதிவுசெய்து, அதனையே மீண்டும் கேட்கச் செய்யலாம். பல், பால் எனும் குறில் நெடில் வேறுபாடு குரலலையின் நீளத்தில் கண்ணுக்கே தெரியும். அப்பதிவுகளைச் சிகிச்சையாளருக்கு அனுப்பினால், அடுத்த பயிற்சியை அவர் தூரத்திலிருந்தே தீர்மானிக்கலாம். பேச இயலாத பிள்ளைகள் படத்தைத் தொட்டுக் குரலெழுப்புவதற்கென அஜித் நாராயணன் சென்னையில் உருவாக்கிய 'ஆவாஸ்' இதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

ஆயினும் கணனி சிகிச்சையாளர் ஆகாது. முதலில் வைத்தியசாலையில் பிள்ளையின் செவிப்புலனைப் பரிசோதித்தல் வேண்டும். பிள்ளையைத் தனியே திரைமுன் இருத்துவது பயிற்சியன்று. இரண்டு முதல் நான்கு வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. தாயோ தகப்பனோ அருகிருந்து நடத்தும் பத்து நிமிடங்களே போதுமானவை.

ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் செயலிகள் நமது ழகர, ளகர ஒலிகளைப் பழக்கமாட்டா. காத்தான்குடிப் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும், களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவுமே முதற் சொற்கள். எனவே, வீட்டுச் சொற்களைத் தாயின் குரலிலேயே பதிவுசெய்வது சிறந்தது. அத்தகைய சொற்றொகுதிகளை ஆக்குவதில் முன்பள்ளி ஆசிரியர்களும் கணனி கற்கும் இளைஞர்களும் சிகிச்சையாளருடன் இணைவார்களாயின், வாவியின் இரு கரைப் பிள்ளைகளும் பயனடைவர்.