டின்னை மாற்றும் முன்

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்பார்கள் பாட்டிமார்கள். குழந்தை மருத்துவமும் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான். இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடிக்கவேண்டிய தசை வளையம் பிறந்த குழந்தைக்குத் தளர்வாக இருக்கும். குடிப்பதோ திரவம், கிடப்பதோ மல்லாந்து. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் நாளுக்கு ஒருமுறையாவது கக்குகிறார்கள். நான்காம் மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போய், உட்காரப் பழகியதும் குறைந்து, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். எடை ஏறுகிறது, சிரிக்கிறது, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறது என்றால், கக்கலால் கூடுவது துவைக்கும் துணி மட்டுமே.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை கக்கினால் சிரித்துவிட்டுத் துடைக்கும் வீடு, புட்டிப்பால் குழந்தை கக்கினால் பதறுகிறது. தாய்க்குக் குற்றவுணர்வு, மாமியாருக்குச் சந்தேகம், தந்தைக்கு மருந்துக்கடை ஓட்டம். ‘இந்தப் பவுடர் ஒத்துக்கலை’ என்று ஒரே மாதத்தில் இரண்டு மூன்று கம்பெனி மாறிவிடும். பல நேரம் கோளாறு பவுடரில் இருக்காது, அளவில் இருக்கும்.

முதல் வாரம் கழிந்த குழந்தைக்கு மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி. நான்கு கிலோக் குழந்தைக்கு 600 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75. புட்டியில் 120 கோடு வரை கலக்கிவிட்டால் மிச்சத்தைக் கொட்ட மனம் வராது, பவுடர் விற்கும் விலை அப்படி. தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குக் கடைசி வாயையும் புகட்டுகிறோம். அதுதான் தோளில் வந்து விழுகிறது. நிப்பிளின் ஓட்டையை ஊசியால் பெரிதாக்கினாலும் இதே கதைதான்: புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. குறைவாக, அடிக்கடி கொடுத்து, நடுவிலும் முடிவிலும் ஏப்பம் விடவைத்து, இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தாலே பல வீடுகளில் கக்கல் குறையும். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான். கக்கும் குழந்தைக்கும் இதில் விலக்கு இல்லை. குப்புறப் போடுவது திடீர் மரண ஆபத்தைக் கூட்டும்.

அடுத்தது கரண்டி. இங்கே விற்கும் பவுடர்களில் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவரும் டின்களில் பலவற்றுக்கு 60 மில்லிக்கு ஒன்று. ஒன்றின் கரண்டியை இன்னொன்றுக்குப் போட்டால் பால் இரண்டு மடங்கு கெட்டியாகலாம், அல்லது பாதி நீர்த்துப்போகலாம். கெட்டிப்பால் உடலில் உப்பை ஏற்றி நீர்ச்சத்தை இழுக்கும். காசை மிச்சப்படுத்த நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது, உப்பு இறங்கி வலிப்புகூட வரலாம். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் கணக்குத் தப்பும்.

மூடி திறக்காத டின்னுக்குள்ளும் கிருமி இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்றவை அதில் உயிரோடு கிடக்கலாம். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2007 வழிகாட்டுதலில், கொதிக்கவைத்து 70 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறிவிடாத நீரில் கலக்கி, பிறகு ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொன்னது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில், ஸ்டர்ஜிஸ் ஊரிலுள்ள அபாட் ஆலையின் பவுடர்கள் திரும்பப் பெறப்பட்டதற்குக் குரோனோபாக்டர் அச்சமும் ஒரு காரணம்.

இனி, காத்திருக்கக் கூடாத வாந்தி. பச்சை நிறத்தில் வந்தால் அது பித்தம். குடல் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம், 108ஐ அழையுங்கள். இரண்டு முதல் எட்டு வாரக் குழந்தை, அதிலும் ஆண் குழந்தை, ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் பீய்ச்சியடிப்பதுபோல வாந்தி எடுத்து, உடனே பசித்து அழுதால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்துப் பாதையை அடைத்திருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், சிறிய அறுவையில் சரியாகும். வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், குழிந்த அல்லது புடைத்த உச்சிக்குழி, துவண்ட உடல், மணிக்கணக்கில் நனையாத துணி, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல்: இவற்றில் ஒன்று போதும் ஓடுவதற்கு.

நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு மாட்டுப்பால் புரதமே ஒவ்வாமை. மலத்தில் இரத்தக் கீற்று, தோலில் கரப்பான் என்று துணை அடையாளங்கள் இருக்கும். அதற்குப் புரதத்தை உடைத்துத் தயாரித்த தனிப் பவுடர் உண்டு. அதை மருத்துவர் சொல்லித் தொடங்க வேண்டும். ஆட்டுப்பால் மாற்றாகாது, இரண்டின் புரதமும் அவ்வளவு ஒத்தவை.

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் டோம்பெரிடோன் சொட்டு மருந்தும் கவனத்துக்குரியது. பலன் இல்லை என்று கண்டு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் வாந்திக்கு அதைத் தரவேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது. தேன் ஒரு வயது வரை கூடாது. உரம் எடுப்பது என்று துணியில் போட்டுக் குழந்தையை உருட்டுவதைப் பற்றி மென்மையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முறுக்கிய குடலுக்கு அது சிகிச்சை அல்ல, வீணாகும் நேரம்.

சட்டம் என்ன சொல்கிறது? குழந்தைப் பால் பவுடரையும் புட்டியையும் விளம்பரம் செய்வதே இந்தியாவில் குற்றம். 1992இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட சட்டம் அது. டின்னில் குழந்தைப் படம் கூடாது. இலவச மாதிரி, தள்ளுபடி, மருத்துவருக்குப் பரிசு எதுவும் கூடாது. விளம்பரம், மாதிரி, பரிசு விதிகளை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் ஒரு குழந்தையின் ஒரு மாதப் பவுடர் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பது வேறு விஷயம். பிரசவ வார்டில் ஒரு டின்னைக் கையில் திணித்தால் மறுப்பதற்கும் புகார் செய்வதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

பழி பவுடர்மீதே விழவேண்டிய தருணங்களும் வரலாற்றில் உண்டு. 2003இல் இஸ்ரேலில் ரெமீடியா நிறுவனம் விற்ற, ஜெர்மனியின் ஹுமானா தயாரித்த சோயாப் பவுடரில் தயாமின் என்னும் பி1 வைட்டமின் இல்லை, லேபிளில் இருந்தது. குழந்தைகள் வாந்தியெடுத்தன, துவண்டன, விழிகள் அசையவில்லை. எல்லாரும் ஒரே பவுடரைக் குடித்தவர்கள் என்பதை மருத்துவர்கள் கவனித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. சில குழந்தைகள் இறந்தன, சில ஆயுள் முழுக்க ஊனத்தோடு வாழ்கின்றன. 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பவுடரால் ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, ஆறு இறந்தன.

ஆகவே சந்தேகம் வந்தால் டின்னைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சப் பவுடரோடு மூடி வைத்து, பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் படமெடுத்து, பில்லையும் மருத்துவரின் சீட்டையும் சேர்த்து வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு தனியாக இழப்பீடு தருகிறது. அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கியவரே பணம் கட்டிப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். ஒரு நிபந்தனை: அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் திறந்துவிட்ட டின்னுக்கு அது முடியாத காரியம். அதே பேட்ச் எண் கொண்ட இன்னொரு டின்னை, சொல்லிவிட்டு வாங்கலாம். தரம் தவறியது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.