ஒரு மாவட்டம், ஐந்து ஆயர்கள்

கேரள எல்லையை ஒட்டிய நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் ஆகிய கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ரேஷன் கார்டு தமிழ்நாட்டுடையது. ஓட்டு கிள்ளியூர் தொகுதியில். ஆனால் அவர்களுக்குப் பங்குத்தந்தையை அனுப்பும் பேராயர் இருப்பதோ திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில். 1937இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தைப் பிரித்தபோது இந்தக் கரையெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மறைமாவட்ட எல்லை மட்டும் அசையவில்லை. அதை மாற்ற ரோமாபுரி மனம் வைக்க வேண்டும். ரோமாபுரிக்கு எதிலும் அவசரம் கிடையாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் அடிப்படை அலகு பங்கு. பல பங்குகள் சேர்ந்தது மறைவட்டம், அவை சேர்ந்தது மறைமாவட்டம். அதற்கு மேலே மறைமாநிலம் ஒன்றும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் மதுரை மறைமாநிலத்தில் அடங்கியவை. அதற்காக மதுரைப் பேராயரைக் கலெக்டராகவும் மற்ற ஆயர்களைத் தாசில்தார்களாகவும் நினைத்துவிடக் கூடாது. கோட்டாற்றில் ஒரு பங்குச்சாமியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. தம் மறைமாவட்டத்தைப் பொறுத்தவரை ஆயர் நேரடியாகத் திருத்தந்தைக்கே பதில் சொல்பவர்.

கோட்டாறு 1930இல் உருவானது. சவேரியார் கோயில் அதன் பேராலயம். 2014இல் அதன் மேற்குப் பகுதியைப் பிரித்துக் குழித்துறை மறைமாவட்டத்தை அமைத்தார்கள். ஆக, திருவனந்தபுரத்தையும் சேர்த்தால், இலத்தீன் வழிபாட்டு முறையில் மட்டும் இந்தச் சின்ன மாவட்டத்துக்கு மூன்று ஆயர்கள். கொளச்சல் பையனுக்கும் வள்ளவிளைப் பெண்ணுக்கும் கல்யாணம் என்றால் இரண்டு ஊர்க் கோயில்களிலும் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். பையனின் பங்கு கோட்டாற்றில், பெண்ணின் பங்கு திருவனந்தபுரத்தில். இடையில் ஒரு மாநில எல்லைகூட இல்லை.

ஒரே வழிபாட்டு முறைக்குள் மறைமாவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாது. இன்ன ஊர் இன்ன ஆயருக்கு என்று கறாராகச் சொல்லிவிடலாம். முறை வேறானால் கதை வேறு. 1996இல் இதே நிலப்பரப்பில், வேறு வழிபாட்டு முறை கொண்ட கத்தோலிக்கத் திருச்சபைகளான சீரோ மலபார் திருச்சபைக்குத் தக்கலையும், சீரோ மலங்கரைத் திருச்சபைக்கு மார்த்தாண்டமும் மறைமாவட்டங்களாயின. பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் இருவர், ஒரே திருத்தந்தையை ஏற்றுக்கொண்டே, வெவ்வேறு ஆயரின் கீழ் இருக்கலாம். பிறக்கும் குழந்தை எந்த ஆயருக்கு உரியது என்பதை அங்கே வீட்டு முகவரி மட்டும் சொல்லிவிடாது. பெற்றோரின் வழிபாட்டு முறை என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.