போனது போனதாகவே இருக்கட்டும்

ஜப்பானிய ஆர்பிஜி கேம் விளையாடுவேன் என்று சொன்னதும் பழக்கமில்லாதவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு கேமுக்கு நூறு மணி நேரமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு வாய் டீயில் முடிகிற பதில் இல்லை, நிதானமாகவே சொல்கிறேன். அண்மையில் மூன்று பெரிய கேம்களை அடுத்தடுத்து முடித்தேன்: டிராகன் குவெஸ்ட் 11 எஸ், ஜெனோபிளேட் க்ரானிக்கிள்ஸ் 3, பெர்சோனா 5 ராயல். ஒன்று மாயாஜாலக் கதை, ஒன்று போர்க்கதை, ஒன்று டோக்கியோவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கதை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மூன்றும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. கைவிட்டுப் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்றால், கொண்டுவரலாமா? அதற்கு ஒவ்வொன்றும் சொல்லும் பதிலை வைத்துத்தான் நான் அவற்றை எடைபோடுகிறேன். கதை முடிவுகளைப் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன்; தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் விளையாடி முடித்துவிட்டு வரலாம்.

இந்த வகைக் கேம் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1986இல் எனிக்ஸ் நிறுவனம் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட டிராகன் குவெஸ்ட்தான் இதற்கு வழி போட்டது. வடிவமைத்தவர் யூஜி ஹோரி, இசை கோயிச்சி சுகியாமா, படங்கள் டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா. ஊரைத் தாண்டி நடந்தால் எதிரி குறுக்கே வரும். நீங்கள் ஓர் அடி, அது ஓர் அடி என்று முறைவைத்துச் சண்டை. ஜெயித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும், புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், அடுத்த ஊருக்குப் போகலாம். அந்த முதல் கேமில் நாயகன் செத்தால் அரசர் முன்னால் கண்விழிப்பான். கையிலிருந்த பொன்னில் பாதி போயிருக்கும். சேர்த்த புள்ளி ஒன்றும் குறையாது. பிறகு வந்த பாகங்களில் கூட்டாளிகள் சேர்ந்தார்கள். அவர்களில் யாராவது சண்டையில் விழுந்தால் தேவாலயத்தில் காசு கொடுத்து எழுப்பிக்கொள்ளலாம்.

ஆகவே இந்தக் கேம்களில் சண்டைச் சாவு மலிவு. கதைச் சாவு வேறு. 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 அந்த வித்தியாசத்தை எல்லோர் மனதிலும் பதியவைத்தது. அதில் ஏரித் என்ற பெண்ணைச் செஃபிராத் வாளால் குத்திக் கொன்றுவிடுவான். விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் உங்கள் பையில் எத்தனை இருந்தாலும் பயனில்லை. அவளை வளர்க்க நீங்கள் செலவழித்த நேரமும் அவளோடு போய்விடும். அவளை மீட்க ஏதோ ரகசிய வழி இருக்கிறது என்ற வதந்தி பல வருடம் உலவியது. நூறு மணி நேரம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரப் படத்தில் ஒருத்தி சாவதைப் பார்க்கிறோம். இங்கே அவளுக்குக் கவசம் வாங்கிக் கொடுத்தது நாம், அடிபட்டபோது மருந்து கொடுத்தது நாம், எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று முடிவு செய்ததும் நாம். அந்த இடம் காலியாகும்போது கை முதலில் உணர்கிறது.

இப்போது டிராகன் குவெஸ்ட் 11. ஜப்பானில் 2017இல் வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா இசையோடு எஸ் பதிப்பு 2019இல். இதைவிட அன்பாகச் செய்த ஒரு கேமை நான் அதிகம் பார்த்ததில்லை. (வெளியே நடக்கும்போது வரும் ஒரே மெட்டு சலித்துப்போவது உண்மை. எஸ் பதிப்பில் எட்டாம் பாகத்தின் இசைக்கு மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றிக்கொண்டேன்.) இழப்பு என்றால் என்ன என்று இதை உருவாக்கியவர்களுக்கு நன்றாகவே தெரியும். லோனலுலு என்ற கடற்கரை ஊரில் மிஷெல் என்ற கடற்கன்னி, தன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன மீனவனுக்காகக் காத்திருக்கிறாள். கடற்கன்னிகளின் காலக்கணக்கு நீளமானது; அவன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லவா, மறைக்கவா என்று கேம் உங்களிடம் கேட்கிறது. உண்மையைச் சொன்னால் அவள் கரையேறி அவன் கல்லறை வரை வருகிறாள். பிறகு நுரையாகிக் கரைந்துபோகிறாள். ஆமாம், இல்லை என்ற இரண்டே பொத்தான். நான் கட்டுப்படுத்தியை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வருவது வெரோனிகா. சிறுமி உடம்பில் மாட்டிக்கொண்ட மந்திரக்காரி, வாய்த்துடுக்கு, குழுவிலேயே மிகப் பெரிய தாக்குதல் மந்திரங்கள் அவள் கையில். அவளுடைய இரட்டைச் சகோதரி செரீனா சாந்தம், மருத்துவம் பார்ப்பவள். கதையின் நடுவே உலக மரமான யெக்ட்ராசில் விழுகிறது, உலகம் பாழாகிறது, நண்பர்கள் திசைக்கொருவராகச் சிதறுகிறார்கள். ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கிறீர்கள். சில்வாண்டோ அந்தப் பாழ் உலகத்திலும் மக்களைச் சிரிக்கவைக்க ஊர்வலம் நடத்திக்கொண்டிருக்கிறான். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், வெரோனிகா மட்டும் பாக்கி. கடைசியில் அவள் கோலைப் பிடித்தபடி தூங்குவதுபோல் சாய்ந்திருக்கிறாள். தொட்டதும் ஒளியாகக் கலைந்துவிடுகிறாள். மரம் விழுந்த அன்றே தன் மந்திரம் முழுவதையும் போட்டு உங்கள் எல்லோரையும் தப்பவைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறாள். செரீனா தன் நீண்ட கூந்தலை வெட்டிக்கொள்கிறாள். அடுத்த சண்டையில் மெனுவைத் திறந்தால் வெரோனிகாவின் மந்திரங்கள் செரீனாவின் பட்டியலில் இருக்கின்றன. யாரும் வசனம் பேசி விளக்கவில்லை. அக்கா விட்டுப்போனதைத் தங்கை சுமக்கிறாள் என்பதை ஒரு மெனுப் பட்டியல் சொல்கிறது. கேம் என்ற வடிவத்தால் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும்.

வில்லனை வீழ்த்துகிறீர்கள், பெயர்கள் ஓடி முடிகின்றன. அதன் பிறகும் கதை தொடர்கிறது. காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கோபுரம் ஒன்று இருப்பது தெரியவருகிறது. நாயகன் மட்டும் தனியாகப் போகலாம். போனால் மரம் விழுவதற்கு முன்னால் போய் நின்று வெரோனிகாவைக் காப்பாற்றலாம். போகிறான், காப்பாற்றுகிறான். செரீனாவுக்கு மறுபடி நீண்ட கூந்தல். அவள் எதையும் இழக்கவில்லை, அதனால் எதையும் தாண்டி வரவும் இல்லை. பாழ் உலகத்தில் நம்மோடு தோள் கொடுத்து நின்ற ஆறு பேரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேம் நின்று யோசிப்பதில்லை.

இதை ரசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் வாதமும் எனக்குப் புரிகிறது. இது குழந்தைகளுக்கான வீரக்கதை, அதில் நாயகன் எல்லோரையும் காப்பாற்றுவான், அதுவே அதன் தர்மம் என்பார்கள். சரி. ஆனால் மிஷெலிடம் உண்மையைச் சொல்லும்படி என்னிடம் கேட்டதும் இதே கேம்தான். செத்தவன் திரும்ப மாட்டான் என்று அவளுக்குச் சொல்லவைத்துவிட்டு, எனக்கு மட்டும் சலுகை தருகிறது. செரீனா மெனுவில் நான் பார்த்த அந்தப் பட்டியலுக்கு இனி அர்த்தமே இல்லை. கதையில் ஓட்டை இருந்தால் பொறுத்துக்கொள்வேன். நான் பட்ட துக்கத்தையே பிடுங்கிக்கொள்வதைப் பொறுக்க முடியவில்லை.

ஜெனோபிளேட் க்ரானிக்கிள்ஸ் 3 இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. டெட்சுயா டக்காஹாஷி தலைமையில் மோனோலித் சாஃப்ட் செய்து 2022 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. கேவெஸ், அக்னஸ் என்று இரண்டு நாடுகள், முடிவில்லாத போர். வீரர்களுக்கு ஆயுள் பத்தே ஆண்டு. எதிரியின் உயிரை எடுத்தால்தான் சொந்த முகாமின் தீக்கடிகாரம் நிறையும். நாயகன் நோவாவின் வேலை செத்தவர்களுக்காகக் குழல் ஊதுவது. அவன் ஊத ஊத, பிணங்களிலிருந்து எழும் சிவப்புத் துகள்கள் பொன்னிறமாக மாறி மேலே போகும். அந்த ஓசைக்காக உண்மையிலேயே புதிதாகக் குழல்கள் செய்வித்து வாசித்துப் பதிவு செய்தார்களாம். அந்த அக்கறை காதில் விழுகிறது.

இங்கே வில்லன்களின் ஆசையே காலத்தை நிறுத்துவதுதான். எதிர்காலம் பயமுறுத்துகிறது, ஆகவே இந்த நொடியிலேயே உலகம் நின்றுவிடட்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களில் ஒருவனான 'என்' (N) என்பவன் நோவாவின் முற்பிறவி. காதலியைச் சாவிலிருந்து காக்க ஒரு நகரத்தையே பலிகொடுத்தவன். டிராகன் குவெஸ்ட் நாயகன் செய்ததற்கு இவன் இருண்ட நிழல் என்று எனக்குப் பட்டது. கடைசியில் நோவாவும், எதிரி நாட்டிலிருந்து வந்து அவனுக்குத் துணையான மியோவும் உலகம் நகரட்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கு விலை அவர்கள் பிரிவு. இருவரின் உலகங்களும் விலகிப்போகும்போது அந்த முடிவின் கனம் முழுவதும் நம் மேல் விழுகிறது.

ஆனால் இந்தக் கேம் தன் கதைக்குத் தானே குழி பறிக்கிறது. மியோவுக்கு மூன்றே மாதம் பாக்கி என்று கதை அலறுகிறது. நானோ மலைமலையாகச் சுற்றிக் கிளைக்கதைகளை முடித்துக்கொண்டிருக்கிறேன்; அவள் ஆயுளில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. பயிற்சி விளக்கங்கள் கதையின் பாதி வரை விடாமல் துரத்துகின்றன. வில்லன் கூட்டத்தில் என் என்பவனையும் அவன் காதலியையும் விட்டால் மற்றவர்கள் உரக்கச் சிரிப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

பெர்சோனா 5 ராயலில் காலம் நகராத அந்தக் குறை கிடையாது, ஏனென்றால் அதன் முதுகெலும்பே நாள்காட்டி. நன்னடத்தைக் கண்காணிப்பில் ஒரு வருடத்துக்கு டோக்கியோ அனுப்பப்பட்ட பள்ளி மாணவன், லெப்ளான் என்ற காபிக்கடையின் மாடி அறையில் தங்குகிறான். ஏப்ரலில் தொடங்கி ஒவ்வொரு நாளாகக் கழிகிறது. பள்ளி விட்டபின் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. நண்பனோடு ராமென் சாப்பிடப் போனால் அன்றைக்குப் படிக்க முடியாது. கடைக்காரர் சோஜிரோவிடம் கறி சமைக்கக் கற்றுக்கொண்டால் இன்னொருவரைப் பார்க்க முடியாது. போன நாள் போனதுதான். அதனாலேயே ஒவ்வொரு சந்திப்புக்கும் மதிப்பு வருகிறது.

2019இல் ராயல் பதிப்புக்காகச் சேர்த்த ஜனவரி மாதக் கதை மூன்றிலும் சிறந்தது என்பேன். பள்ளிக்கு வந்த மனநல ஆலோசகர் மருக்கி, மனிதர்களின் வலியை அடியோடு துடைக்க விரும்புகிறவர். ஜனவரி பிறக்கும்போது உலகம் மாறியிருக்கிறது. நாயகனின் தோழி ஃபுதாபாவின் இறந்துபோன அம்மா உயிரோடு வந்து மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு தோழி ஹாருவின் இறந்த அப்பாவும் திரும்பிவிட்டார். எல்லோரும் சிரிக்கிறார்கள், எதற்கும் குறையில்லை. அதைக் கலைக்கவேண்டியவர் நீங்கள். ஃபுதாபாவிடம் போய், இது நிஜமா என்று அவளே யோசிக்கும்படி செய்யவேண்டும். மருக்கி கெட்டவர் அல்ல. கெஞ்சுகிறார், காரணம் சொல்கிறார், உங்கள் நலன் கருதித்தான் சொல்கிறார். எதிரியாகவும் கூட்டாளியாகவும் இருந்த அகேச்சி உயிரோடிருப்பதுகூட இந்த உலகத்தின் தயவில்தான் என்று கடைசி நேரத்தில் தெரிகிறது. ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்ட முடிவையும் கேம் மதித்துக் காட்டுகிறது. சிரித்த முகங்களோடு ஒரு புகைப்படம். நான் மறுத்தேன். ஒன்பது மாதம் அந்தப் பிள்ளைகள் அழுது தேறியதை உடனிருந்து பார்த்தபின் வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை நல்ல பகுதியை ஒளித்துவைத்திருப்பதுதான் பெரிய கோபம். நவம்பர் பாதிக்குள் மருக்கியோடு உள்ள பழக்கத்தை ஒன்பதாம் படி வரை வளர்த்திருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்; கேம் இதை எங்கேயும் நேராகச் சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். முதல் பகுதியில் ஒரு விளையாட்டு ஆசிரியர் மாணவிகளைச் சீரழிப்பதைக் காட்டி, ஆன் என்ற பெண்ணின் ஆத்திரத்தை நம் ஆத்திரமாக்குகிறார்கள். அடுத்த பகுதியிலேயே அவள் ஆடையைக் களைந்து மாடலாக உட்காரச் சம்மதிக்கவேண்டும் என்பதை நகைச்சுவைக் காட்சியாக வைக்கிறார்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், அது அந்த முதல் பகுதியின் நேர்மைக்கே துரோகம்.

தொடங்குவதென்றால் ராயலில் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் மருக்கியின் அறைக்கு ஒதுக்கிவிடுங்கள், அதற்குமேல் கவலை வேண்டாம். ஜெனோபிளேடில் கிளைக்கதைகளைப் பாதியோடு விட்டுவிட்டால் மியோவின் மூன்று மாதம் நிஜமாகவே மூன்று மாதம்போல் தோன்றும். டிராகன் குவெஸ்ட் 11இல் முதல்முறை பெயர்கள் ஓடி முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். வெட்டிய கூந்தலோடும் வெரோனிகாவின் மந்திரங்களோடும் செரீனா உங்கள் குழுவில் நிற்கும் அந்த இடத்தில் கதை எல்லா வகையிலும் முடிந்துவிட்டது.