கொல்லைப்புறத்து ஊஞ்சல்

ஊஞ்சலுக்குத் தமிழ் நாட்டில் உள்ள கௌரவம் வேறு எந்த வீட்டுச் சாமானுக்கும் கிடையாது. மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் பாடியிருக்கிறார். சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி இருக்கிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்கு ஊசல் என்றே பெயர். ஸ்ரீரங்கத்தில் பெருமாளே ஐப்பசி மாதத்தில் ஊஞ்சலில் எழுந்தருளுகிறார். கல்யாண வீட்டில் மணமக்களை ஊஞ்சலில் வைத்து லாலி பாடாவிட்டால், பல பாட்டிமார்கள் கல்யாணம் நடந்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை. இவ்வளவு பெருமை வாய்ந்த ஊஞ்சலை நாலு வயதுக் குழந்தைக்காக வாங்கும்போது மட்டும் நாம் மரப்பாச்சி வாங்குவதுபோல் வாங்கிவிடுகிறோம். வர்ணத்தைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம், மறு நாளே கொல்லையில் கொண்டுபோய் நட்டுவிடுகிறோம். இரண்டு ஐப்பசி மழை கழிவதற்குள் அது துருப்பிடித்து ஆடத் தொடங்குகிறது. ஊஞ்சல் ஆடலாம், ஊஞ்சல் மாட்டிய கால்கள் ஆடலாமா?

திருக்காட்டுப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் இடையில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தை ஒட்டிய ஊர் அது. ஞானசம்பந்தரும் அப்பரும் பாடிய அக்கினீசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் நெல்லும் வாழையும். காலுக்குக் கீழே வண்டல் மண். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு நேயர்களுக்குத் தெரிந்ததுதான். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதற்கப்பால் நீண்டு ஒடுங்கிய கொல்லை. கூடத்து உத்தரத்தில் கனமான கொக்கிகளை அறைந்து, சங்கிலியில் தேக்குப் பலகையைத் தொங்கவிட்டிருப்பார்கள். தாத்தா உண்ட களைப்புத் தீரச் சாய்ந்திருந்த பலகையில் பேரன் பள்ளிக்கூடப் பாடம் படித்தான்; அவன் பேரனும் அதிலேயே ஆடினான். மூன்று தலைமுறை உழைத்ததற்குத் தேக்கு ஒன்றே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. அந்தப் பலகை மழையைக் கண்டதில்லை, வெயிலைக் கண்டதில்லை, மண்ணைத் தொட்டதுமில்லை. கூடத்து ஊஞ்சலுக்குக் கால்களே கிடையாது. கொல்லை ஊஞ்சலுக்கு நாலு கால் உண்டு. அதன் ஆயுள் அந்தக் கால்கள் மண்ணைத் தொடும் இடத்திலும், சங்கிலி மேலே மாட்டியிருக்கும் இடத்திலும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை இந்த இரண்டு இடங்கள். கடைக்காரர் காட்டுவதோ பலகையையும் வர்ணத்தையும்!

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி திறந்தால், சில நாட்களில் வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிடும். அது குறைவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஆகையால் வருஷத்தில் பாதி நாட்கள் இப்பகுதிக் கொல்லைகளில் மண் ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் மரம் எங்கே உளுத்துப்போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆழத்தில் புதைந்த பகுதி அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. மேலே வெயில் படும் பகுதியும் கெடுவதில்லை. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் தரைமட்டத்தில், நாலு விரற்கடை அளவுக்குத்தான் பூஞ்சக்காளான் புகுந்து அரிக்கிறது. கறையானும் அந்த வழியாகவே ஏறுகிறது. வெளிப்பார்வைக்குக் கால் உறுதியாக நிற்கும். உள்ளே ஒன்றும் இராது.

ஆகையால் மரக் கால்களை மண்ணில் நேராகப் புதைப்பது சரியல்ல. ஒன்றரை அடி அல்லது இரண்டு அடி ஆழத்துக்கு அகலமாகக் குழி வெட்டிக் கான்கிரீட் போட்டு, அதில் இரும்புச் செருப்பு பதித்து, அதன்மேல் மரத்தை மரையாணியால் முடுக்கிவிட வேண்டும். கான்கிரீட்டின் தலை தரைக்குச் சற்று மேலே எழும்பி, நாலு பக்கமும் சரிவாக இருந்தால் தண்ணீர் தங்காது. வண்டல் மண் நனைந்தால் இளகும். குழி குறுகலாக இருந்தால் ஊஞ்சல் ஒரு பக்கம் அமிழ்ந்து சாயும். ஆழத்தைவிட அகலத்துக்குச் செலவழிப்பது இங்கே சிலாக்கியம்.

மரத்தைப் பற்றித் தச்சர்களிடம் இரண்டு வார்த்தைகள் உண்டு: வைரம், வெளிறு. நடுவிலுள்ள முற்றிய பகுதி வைரம். பட்டையை அடுத்த வெளுத்த பகுதி வெளிறு. தேக்கே ஆனாலும் வெளிற்றைக் கறையான் தின்றுவிடும். “தேக்கு” என்று சொல்லிக் கொடுத்த காலில் பாதிக்குமேல் வெளிறாக இருந்தால், வைரம் பாய்ந்த வேம்போ பூவரசோ அதைவிட மேலானது. மாமரம் வேண்டாம். சவுக்குக் கழி மலிவுதான். மண்ணில் நட்டால் நெடுநாள் தாங்காது. மூங்கில் காவிரிக் கரைக்கு அந்நியமல்லவென்றாலும், வெட்டிய மூங்கிலை உளு எவ்வளவு விரைவில் துளைத்துவிடுகிறது என்பது பந்தல் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

இரும்பு ஊஞ்சல் வேண்டுவோருக்கு இந்த ஊரில் ஓர் அனுகூலம் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரணியம் போல் உப்புக் காற்று இங்கே வீசுவதில்லை. நல்ல துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் பல வருஷங்களுக்கு வரும். ஆனால் குழாய் எல்லாம் ஒன்றல்ல. இந்தியத் தர நிர்ணயப்படி செய்த குழாயில் வர்ணப் பட்டை ஒன்று தீட்டியிருக்கும்: மஞ்சள் என்றால் மெல்லியது, நீலம் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் கனமானது. இரண்டு அங்குலக் குழாயில் மஞ்சளின் சுவர்க் கனம் 2.9 மில்லிமீட்டர்; நீலத்துக்கு 3.6, சிவப்புக்கு 4.5. ஊஞ்சலுக்கு நீலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பெட்டியில் அடைத்து வரும் அழகான ஊஞ்சல்கள் சிலவற்றைச் சுண்டிப் பார்த்தால் தகர டப்பாவைப்போல் ஒலிக்கின்றன. பெட்டியில் வருவன எல்லாமே மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பட்டறையில் நாம் நின்று பார்த்துச் செய்துகொண்ட ஊஞ்சலில், எந்தக் குழாய் போயிற்று, எங்கே பற்றவைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோவதால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த இடங்களில் மறுபடியும் துத்தநாகப் பூச்சுக் கொடுக்கச் சொல்ல வேண்டும். குழாயின் திறந்த வாய்களுக்கு மூடியும் அவசியம். மூடாத குழாயில் மழை இறங்கி, உள்ளேயிருந்து தின்னும்.

இனி மேலே பார்ப்போம். குழந்தை எடை குறைந்தது, எந்தக் கொக்கியும் தாங்கும் என்று எண்ணுவது சகஜம். கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. சங்கிலி நேர்க்கோட்டிலிருந்து அறுபது பாகை சாயும்படி வீசி ஆடினால், கீழ் மட்டத்தைக் கடக்கும்போது அதன் இழுப்பு எடையைப்போல் இரண்டு மடங்கு. இருபது கிலோ குழந்தை நாற்பது கிலோவாகிவிடுகிறது. அதோடு போயிற்றா? ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த எழுபது கிலோ சித்தப்பாவும் பழைய ஞாபகத்தில் ஏறி உட்காருகிறாரே! அவர் நூற்று நாற்பது. குழந்தை ஊஞ்சலைச் சித்தப்பாவை உத்தேசித்தே செய்ய வேண்டும்.

இந்த இழுப்பு முழுவதும் மேல்கொக்கியில் ஒரு விரல் அகலத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. சங்கிலி வளையத்தைக் குறுக்குக் குழாயின்மேல் வெறுமனே மாட்டிவிட்டால் குழாயே அறுபடும். குழாயில் தனிக் கொண்டி வைத்து, தேயும் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றும்படி அமைப்பதே புத்திசாலித்தனம். வாய் திறந்த கொக்கி உதவாது. வளைத்து இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். திறந்த கொக்கி சட்டையையும் பிடிக்கும், சதையையும் பிடிக்கும். “கிறீச், கிறீச்” என்ற சப்தம் சிலருக்குச் சங்கீதமாகப் படுகிறது. வாஸ்தவத்தில் அது கொக்கி போடும் கூக்குரல். உடனே எண்ணெய் விட வேண்டும்.

கூடத்துப் பலகையைக் கழற்றிக் கொல்லையில் மாட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. ஆறடிச் சங்கிலியில் அறுபது பாகையிலிருந்து இறங்கும் பலகை, கீழே வரும்போது மணிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஓடும் சைக்கிளின் வேகத்தில் வருகிறது. அக்காள் ஆடும்போது குறுக்கே ஓடிய தம்பியின் நெற்றிக்கு நேரே அந்தத் தேக்கு விளிம்பு வந்தால் என்னவாகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1972-ல் ஏற்பட்ட நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன், 1981 முதல் விளையாட்டுச் சாதனங்களுக்குக் கைப்புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. மரத்தாலோ உலோகத்தாலோ ஆன கெட்டியான இருக்கை வேண்டாம். ரப்பரோ கான்வாஸோ நல்லது என்பது அதன் யோசனை. நாலு வயதுக்குக் கீழே, தானாக உட்காரத் தெரிந்த குழந்தைக்கு இடுப்பைச் சுற்றி அணைக்கும் கூடை இருக்கை போட வேண்டும். பழைய டயரை வெட்டிக் கட்டுவது சிக்கனந்தான். ஆனால் அடியில் துளை போடாவிட்டால் மழைநீர் தங்கி, டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாக முடியும்.

அதே கைப்புத்தகம் தரையைப் பற்றிச் சொல்வதும் நமக்குப் பயன்படும். ஊஞ்சலின் குறுக்குச் சட்டம் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் வெறுமையாக இருக்க வேண்டும், பக்கங்களில் ஆறடி. ஐந்தடி உயர ஊஞ்சலென்றால் நீளவாக்கில் இருபதடி. நம் கொல்லைகள் குறுகி நீண்டவை. ஆகவே ஊஞ்சலை மதிலை நோக்கி ஆடும்படி குறுக்கே நடாமல், கொல்லையின் நீளப்போக்கில் ஆடும்படி நட வேண்டும். அந்த இருபதடிக்குள் துளசி மாடம், துவைக்கிற கல், கொடிக்கயிறு எதுவும் வரக்கூடாது. கிணற்றுக்கும் வாய்க்கால் படித்துறைக்கும் எவ்வளவு எட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். கீழே சிமெண்டுத் தளம் கூடவே கூடாது. வெயிலில் இறுகிய வண்டல் மண்ணும் ஏறக்குறைய அப்படித்தான்.

காவிரிக் கரையில் இருந்துகொண்டு மணலுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆற்று மணலை நினைத்தபடி அள்ளிவரச் சட்டம் இடங்கொடாது. முறைப்படி வாங்க வேண்டும். வாங்கிய மணலும் ஒன்பது அங்குலம் பரப்பினால், ஐந்தடி உயரமுள்ள சாதனங்களுக்குத்தான் போதும் என்கிறது அந்தக் கைப்புத்தகம். மரச்சீவல் அதே ஒன்பது அங்குலத்தில் ஏழடி வரை காக்குமாம். சிறு குழந்தைகளுக்கு ஊஞ்சல் உயரமாக இருப்பது ஒரு பெருமையல்ல. ஐந்தடியோடு நிறுத்திக்கொண்டால் மணலும் போதும், வேகமும் குறையும். மணலை வாரம் ஒரு முறை கிளறிவிடாவிட்டால் நனைந்து இறுகிவிடும். வைக்கோல் பரப்பினால் பாம்பும் தேளும் குடியேறும்.

“இவ்வளவு எதற்கு? கொல்லையில் மரம் இல்லையா, கயிறு இல்லையா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். மலையாளத்தில் ஓணத்துக்கும், வடநாட்டில் சிராவண மாதத்திலும் மரக்கிளையில்தான் ஊஞ்சல் கட்டுகிறார்கள். நல்ல புளியங்கிளைக்கு ஈடான உத்தரம் இல்லை. (புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று சொன்ன பாட்டியே அதில் ஊஞ்சலாடியவள்தான்.) ஆனால் முருங்கை சொல்லாமல் முறியும். தென்னைகளுக்கு இடையில் சட்டம் போட்டால் தலைக்கு மேலே தேங்காயும் மட்டையும் காத்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. புயல் அடித்து ஓய்ந்தால், சாயாமல் நின்ற மரங்களின் கிளைகளையும் ஏறிப் பார்க்காமல் ஊஞ்சல் மாட்டக் கூடாது. தேங்காய் நார்க் கயிறு நனைந்து உலர்ந்து, நனைந்து உலர்ந்து இற்றுப்போகும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் வலுவிழப்பது கண்ணுக்கே தெரியாது.

கயிறாவது அறுந்தால் குழந்தை விழுந்து எழுந்திருக்கும். சேலை அப்படியல்ல. உத்தரத்திலோ கிளையிலோ சேலையைக் கட்டி ஆடிய குழந்தை, துணி கழுத்தில் சுற்றி இறுகி இறந்துபோனது என்ற செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு மூலையில் வருகிறது. இறந்தவை பெரும்பாலும் கைக்குழந்தைகளல்ல. பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள். தம்பி தூங்கிய தூளியில் ஏறி, சுற்றிச் சுற்றி முறுக்கிவிட்டுக்கொள்வார்கள். முறுக்கு ஏற ஏறத் துணி கயிறாகும். கழுத்து அகப்பட்டால் கூப்பிடக் குரல் எழும்பாது. பக்கத்து அறையில் தாய் இருந்தாலும் ஒரு சப்தமும் கேளாது. கைக்குழந்தை எழுந்ததும் தூளியை அவிழ்த்து மடித்து வைக்காத வீட்டில், கொல்லையில் எவ்வளவு உயர்ந்த ஊஞ்சல் நட்டும் என்ன? ஊஞ்சலிலும் தொங்கும் கயிற்று நுனிகள், சுருக்குகள் இருக்கலாகாது. தாவணியையும் துப்பட்டாவையும் இடுப்பில் சொருகிக்கொண்டுதான் பெண் குழந்தைகள் ஏற வேண்டும்.

வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்று 2016-ல் இந்திய அரசாங்கம் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அமுலில் இருக்கிறது. தொழிற்சாலை உபயோகத்துக்கான வர்ணங்களுக்கு அந்த விதி பொருந்தாது. பட்டறையில் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்து அடிக்க விடாமல், ஈய அளவு அச்சிட்ட வீட்டு வர்ண டப்பாவை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. பல் முளைக்கும் குழந்தை சங்கிலியையும் கம்பியையும் கடிக்காமல் இராது. கறையானுக்காகக் கால்களில் கழிவு எண்ணெய் பூசும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறோமல்லவா? மழை ஓய்ந்திருக்கும் அந்தச் சமயந்தான் ஊஞ்சலைச் சோதிப்பதற்கும் தோதானது. காலடியில் மண்ணை நாலு விரற்கடை ஒதுக்கிவிட்டு, மரமானால் திருப்புளி நுனியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தக் காலை மாற்றிவிட வேண்டும். பிறகு மேலே ஏறிக் கொக்கியைக் கழற்றி, வளைவின் உட்புறத்தைப் பாருங்கள். கனத்தில் கால் பங்கு தேய்ந்திருந்தால் புதுக் கொக்கி மாட்டிய பிறகே குழந்தையை ஏற்றலாம்.