முதலில் வந்தவருக்குத் தங்கம் ஏன் இல்லை?

2024 பிப்ரவரியில் தெஹ்ரானில் நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில், ஆண்கள் 3000 மீட்டரை முதலில் ஓடி முடித்தவர் இந்தியாவின் குல்வீர் சிங். நேரம் 8 நிமிடம் 7.48 விநாடி. ஆனால் ஓடுபாதை விதியை மீறினார் என்று அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். இரண்டாவதாக வந்த கிர்கிஸ்தான் வீரருக்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது.

வெளியரங்கில் நீண்ட தூர ஓட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். உள்ளரங்க ஓடுபாதையின் கணக்கே வேறு. வெளியே ஒரு சுற்று 400 மீட்டர், உள்ளே 200. ஆகவே 3000 மீட்டருக்கு ஏழரைச் சுற்று அல்ல, பதினைந்து சுற்று, முப்பது வளைவு. வெளியே வளைவின் ஆரம் ஏறக்குறைய 36.5 மீட்டர் என்றால் உள்ளே 17.2 மீட்டர்தான். பந்தய வேகத்தில் இவ்வளவு நெருக்கமாகத் திரும்பினால் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும் என்பதால்தான் வளைவுகளைச் சரிவாக உயர்த்திக் கட்டுகிறார்கள்.

இடத்துக்கான சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது. உள்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடுபவர் சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். வட்டம் பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. பள்ளியில் படித்த இரண்டு பை தான். பதினைந்து சுற்றுக்கு அது 94 மீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட அரைச் சுற்று! அதனால் எல்லோருக்கும் உள்விளிம்புதான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நெருக்கும்போது முழங்கை இடிக்கும், கால் சிக்கும், யாராவது கோட்டுக்கு உள்ளே மிதித்துவிடுவார். உள்ளே மிதித்தால் தூரம் குறையும். அதனால்தான் விதி கண்டிப்பானது.

ஐரோப்பாவின் பெரிய நட்சத்திரமும் இதில் மாட்டியிருக்கிறார். 2021-இல் போலந்தின் டோருன் நகரில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 1500 மீட்டரை வென்ற நார்வேயின் யாகோப் இங்கேபிரிக்ட்சென், உள்ளே கால் வைத்ததாக முதலில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் தங்கம் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் உலகத் தடகள அமைப்பு விதியைச் சற்றுத் தளர்த்தியது: வளைவில் ஒரே ஒரு முறை கோட்டைத் தொட்டால் மன்னிப்பு உண்டு. அதே போட்டியில் இரண்டாவது முறை தொட்டால் கிடையாது. முந்தைய தகுதிச் சுற்றில் செய்த தவறும் கணக்கில் சேரும். நியாயமான திருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு தடுமாற்றத்துக்காகப் பதக்கத்தைப் பறிப்பது கொடுமை.

பதக்கத்துக்கான ஓட்டங்கள் மெதுவாக ஓடப்படுவது நெருக்கத்தை இன்னும் கூட்டுகிறது. முன்னால் ஓடிப் பின்னால் வருபவர்களை இழுத்துச் செல்ல யாருக்கும் மனம் வராது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபிஷர் 3000 மீட்டரை 7 நிமிடம் 22.91 விநாடியில் ஓடி உள்ளரங்க உலக சாதனை படைத்தார். அடுத்த மாதம் நெதர்லாந்தின் ஆப்பெல்டோர்னில் அதே தூரத்தில் ஐரோப்பிய உள்ளரங்கப் பட்டத்தை இங்கேபிரிக்ட்சென் வெல்ல 7 நிமிடம் 48.37 விநாடியே போதுமானதாக இருந்தது. தொடர்ந்து மூன்று ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டிகளில் 1500, 3000 இரண்டையும் அவர் வென்றது கால் வேகத்தால் மட்டுமல்ல, கடைசிச் சுற்றுகளில் எந்த இடத்தில் ஓடவேண்டும் என்ற தெளிவாலும்தான்.

குல்வீருக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தெஹ்ரானுக்கு ஓராண்டு கழித்து பாஸ்டன் உள்ளரங்கில் 3000 மீட்டரை 7 நிமிடம் 38.26 விநாடியிலும், 5000 மீட்டரை 12 நிமிடம் 59.77 விநாடியிலும் ஓடினார். 13 நிமிடத்துக்குள் 5000 மீட்டர் ஓடிய முதல் இந்தியர் அவர்தான். நம் வீரர்களுக்குக் குறைவது குறுகிய வளைவில் கூட்டத்தோடு ஓடும் பழக்கம். புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியம் வளாகத்தில் இப்போது 200 மீட்டர் உள்ளரங்க ஓடுபாதை இருக்கிறது. அங்கே குறுந்தூர ஓட்டக்காரர்களோடு 3000 மீட்டர் ஓடுபவர்களுக்கும் ஆண்டுதோறும் போட்டிகளை நடத்த வேண்டும்.