திருடன் வந்தால் போன் போடும் பெட்டி!

காரைக்கால் பக்கம் நெடுங்காடு கடைத்தெருவில் ஷட்டரை இறக்கிப் பூட்டு போட்டாயிற்று. கடைக்குள் அலாரமும் இருக்கிறது. சரி, நடுச்சாமத்தில் அது அலறினால் யார் காதில் விழும்? முதலாளி நாலு தெரு தள்ளி ஃபேன் சத்தத்தில் தூங்குகிறார். சைரன் ஊரை எழுப்பலாம், எழுப்பாமலும் போகலாம். ஆனால் தலைமாட்டில் இருக்கும் செல்போன் அடித்தால்?

அடிக்க வைப்பவர்தான் நம் கதாநாயகன், ஜிஎஸ்எம் டயலர். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. அவருக்கென்று தனி சிம், தனி நம்பர், தனி ரீசார்ஜ்! முன்பெல்லாம் இந்த வேலையை லேண்ட்லைன் பார்த்தது. விவரமான திருடன் வாசலிலேயே ஒயரை நறுக்கிவிட்டு உள்ளே போவான். இப்போது நறுக்க ஒயரே இல்லை. நகைக்கடை, அடகுக்கடை, ஏடிஎம் என்று சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டியை மாட்டும் நாளில் என்னென்ன கூத்து நடக்கிறது? வாங்க, ஏணிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம்!

சிக்னல் வேட்டை

டெக்னீஷியன் தம்பி வந்ததும் டிரில்லிங் மெஷினை எடுப்பார் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கடை முழுக்கச் சுற்றுகிறார்! சிக்னல் தேடுகிறார். பெட்டிக்குள் இருக்கும் மாட்யூலைக் கேட்டால் 0 முதல் 31 வரை ஒரு மதிப்பெண் சொல்லும். 99 என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், சிக்னலை அளக்கவே முடியவில்லை என்று அர்த்தம்! மதிப்பெண் ஒன்று கூடினால் சிக்னல் இரண்டு டெசிபல் கூடுகிறது. இரும்பு லாக்கர் பக்கம் போனால் மார்க் சரிகிறது. ஜன்னல் ஓரம் வந்தால் ஏறுகிறது. ஆன்டெனாவுக்கு அங்கேயே இடம் பிடித்தாயிற்று.

இன்னொரு வேடிக்கை. காரைக்காலில் ஆட்சி புதுச்சேரியுடையது. செல்போன் கணக்கில் மட்டும் நாம் தமிழ்நாடு வட்டம். மாஹே கேரள வட்டத்தில், ஏனாம் ஆந்திர வட்டத்தில். ஒரே யூனியன் பிரதேசம், சிம்முக்கு மூன்று வட்டம்!

சிம்முக்கு ஒத்திகை

"தம்பி, வீட்ல ஒரு ஜியோ சிம் சும்மா கெடக்கு. அதப் போட்டா ஆவாதா?"

"ஆவாதுண்ணே. இது 2ஜி பொட்டி. ஜியோவுல 2ஜியே கெடையாது."

இந்த உரையாடல் இல்லாமல் பாதி இன்ஸ்டலேஷன் நடப்பதில்லை. அதனால் இப்போது வாங்குபவர்கள் 4ஜி பெட்டியாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த அலாரம் கம்பெனிகள் தள்ளிவைக்கச் சொல்லி அரசிடம் மன்றாடிப் பார்த்தன. நடக்கவில்லை. நம் ஊரில் ஏர்டெல் 2020-லேயே 3ஜிக்கு விடை கொடுத்துவிட்டது.

சிம் நேராகப் பெட்டிக்குள் போகாது. முதலில் ஒரு சாதாரண போனில் போட்டு பின் லாக்கை எடுக்கணும். கால் பேசி, எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கணும். கால் ஃபார்வர்டிங் இருந்தால் நீக்கணும். காலர் ட்யூன் தானாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும்தான். முதலாளி நிலவரம் கேட்கப் பெட்டிக்கு போன் போட, எதிர்முனையில் குத்துப்பாட்டு ஒலித்தால் எப்படி இருக்கும்!

அடுத்து, பவரை அணைத்துவிட்டு சிம்மைச் செருகி, ஆன்டெனாவைத் திருகி, அதற்கப்புறம்தான் பவர். பெட்டி பேசத் தொடங்கும் நொடிகளில் 2ஜி மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சோப்ளாங்கி அடாப்டராக இருந்தால் பெட்டி மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழும். கரண்ட் போனாலும் வாய் மூடக் கூடாது என்பதற்காக 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் கூடவே உட்காருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு பேட்டரி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

கண் சிமிட்டல்!

இப்போது எல்லோர் கண்ணும் ஒரு குட்டி விளக்கின் மேல். பல மாட்யூல்களில் டவரைத் தேடும்போது நொடிக்கு ஒருமுறைக்கு மேல் படபடவென்று சிமிட்டும். டவர் கிடைத்ததும் மூன்று நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டும். பக்கத்தில் ரேடியோவோ ஸ்பீக்கரோ இருந்தால் இன்னும் குஷி. 2ஜி அலை நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டுப் போவதால், போன் அடிக்கும் முன்பே ஸ்பீக்கர் "டிடிட் டிடிட்" என்று போட்டுக்கொடுத்துவிடும்!

பெட்டிக்குப் பாடம் சொல்வதும் எஸ்எம்எஸ்ஸில்தான். முதல் நம்பர் முதலாளி, இரண்டாவது மகன், மூன்றாவது பக்கத்துக் கடை. கம்பெனி கொடுத்த 1234 பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடணும்.

அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்துவிட்டு, காந்த சென்சார் மாட்டிய கதவைத் திறக்கிறார் தம்பி. வீல்ல்ல்! காதைப் பொத்திக்கொண்டு எல்லோரும் முதலாளியின் சட்டைப்பையையே பார்க்கிறோம். ஒன்று... இரண்டு... அடித்தேவிட்டது! எதிரே நிற்கும் பெட்டி போன் போட, "ஹலோ, யாரு?" என்கிறார் முதலாளி. கடையே சிரிக்கிறது.

வில்லன் யார் தெரியுமா?

கடப்பாரைக்காரன் இல்லை. வேலிடிட்டி! பெட்டி மாதக்கணக்கில் வாயே திறக்காது; ரீசார்ஜ் முடிந்ததும் யாருக்கும் தெரியாது. ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல், 20 ரூபாய் பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் நம்பரே பறிபோகலாம். நல்லவேளை, 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவால் டேட்டா இல்லாத, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் வந்திருக்கிறது. 365 நாள் வரை வேலிடிட்டிக்கு அதில் இடம் உண்டு. ரீல்ஸ் பார்க்காத இந்தப் பெட்டிக்கு அதுவே விருந்து!

ஆகவே முதலாளிமார்களே, நாள்காட்டியில் ரீசார்ஜ் தேதியை வட்டம் போடுங்கள். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து பெட்டியை ஒரு கால் போட வையுங்கள். நம்பரைப் பெயரோடு சேமித்துவையுங்கள். இல்லாவிட்டால் நிஜமாகத் திருடன் வரும் ராத்திரியில், லோன் கொடுக்கிற ஆளோ என்று கட் பண்ணிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவீர்கள்!